கப்பலில் வராதவர்கள்

1991 மே 21ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தியின் கார் மீனம்பாக்கத்திலிருந்து போரூர், பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது. வழியில் ஆங்காங்கே நிறுத்தி மக்களைச் சந்தித்தபடி போனார். பிரதமராக இருந்த காலத்துப் பாதுகாப்பு அப்போது அவருக்கு இல்லை. காரில் உடன் சென்று பேட்டி எடுத்த பத்திரிகையாளர் நீனா கோபால் அந்தப் பயணத்தைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். தெற்காசியாவில் தலையெடுக்கும் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுவதைப் பற்றி ராஜீவே பேச்செடுத்திருக்கிறார். தன் தாயையும் முஜிபுர் ரஹ்மானையும் பூட்டோவையும் ஜியாவையும் அந்த வரிசையில் வைத்துப் பேசியிருக்கிறார். பேசி முடித்துக் காரிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்திருக்கிறார்.

உயிருக்கு அஞ்சுகிறவர் இப்படி நடக்கமாட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1987 ஜூலை 30 அன்று, கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது விஜித ரோகண என்ற கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அவர் தலையைக் குறிவைத்து ஓங்கினார். ராஜீவ் குனிந்து அந்த அடியைத் தோளில் வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சியின் படச்சுருளைப் பார்த்தவர்கள் அவர் பதறினார் என்று சொல்லமாட்டார்கள்.

அதே நாளில்தான் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இறங்கத் தொடங்கியது. அடுத்த இரண்டே முக்கால் ஆண்டில் அங்கே ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் கையால் இறந்த தமிழர்களின் கணக்கு அதைவிடப் பெரிது. இவர்களை அனுப்பியவர் உடம்பளவில் அஞ்சாதவர். அப்படியானால் தைரியமான தலைவர் என்று அவரைச் சொல்லிவிடலாமா?

சென்னையின் இந்த மேற்கு ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. ஆவடி என்றாலே ராணுவம்தான். டேங்க் ஃபேக்டரி, குளோதிங் ஃபேக்டரி, எஞ்சின் ஃபேக்டரி, டாங்கிகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.ஈ., விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம் எல்லாம் ஒன்றையொட்டி ஒன்றாக இருக்கின்றன. அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை மின்சார ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் இவற்றில் ஒன்றின் அடையாள அட்டை யாரோ ஒருவர் கழுத்தில் தொங்கும். போருக்குப் போகிறவன் உடுத்தும் துணியும் ஏறிச்செல்லும் வண்டியும் இங்கே உருவாகின்றன. போகலாமா வேண்டாமா என்ற முடிவு மட்டும் வேறெங்கோ எடுக்கப்படுகிறது.

பழந்தமிழகத்தில் தலைவனின் வீரத்தை அளப்பது சுலபமாக இருந்தது. மன்னன் களத்திலேயே இருந்தான். வெண்ணிப் போரில் கரிகாலனை எதிர்த்த பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். ஆணையிட்டவன் உடம்பும் ஆணையை ஏற்றவன் உடம்பும் ஒரே வேலுக்கு எதிரே நின்ற காலம் அது. மார்பிலா முதுகிலா என்று பார்த்தால் போதும், விடை தெரிந்துவிடும். இன்று போரைத் தொடங்குகிற யாருக்கும் மார்பிலும் புண் இல்லை, முதுகிலும் புண் இல்லை. ஆனாலும் நாம் இன்னும் அந்தப் பழைய அளவுகோலையே கையில் வைத்துக்கொண்டு தலைவர்களை அளக்கிறோம். இவர் உரக்கப் பேசுகிறாரா, ராணுவ உடை போட்டுக்கொண்டு எல்லைக்குப் போகிறாரா, எதிரியின் பெயரைச் சொல்லி அறைகூவல் விடுகிறாரா என்று பார்க்கிறோம்.

இந்த அளவுகோல் எவ்வளவு பொய்யானது என்பதற்கு ஆவடியின் கதையே போதும்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். யு.என். தேபர் தலைவர், ஆனால் எல்லோர் கண்ணும் நேருவின் மேல். சோஷலிச பாணிச் சமுதாயம்தான் இலக்கு என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. அரசே பெரிய ஆலைகளைத் தொடங்க வேண்டும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையில் எழுந்தவைதான் இந்த ஊரின் தொழிற்சாலைகள். ராணுவத்துக்கான உடைத் தொழிற்சாலை 1961இல் வந்தது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இவை தொடங்கப்பட்ட காலத்தில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனனை எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லலாம். நம் ராணுவத்துக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தால் மூன்று தலைமுறைக் குடும்பங்கள் இங்கே சோறு தின்றிருக்கின்றன. அதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நன்றி கெட்ட செயல்.

உடைத் தொழிற்சாலை வந்த மறு ஆண்டு, 1962 அக்டோபரில், இமயமலையின் கிழக்குக் கோடியில் நம்கா சூ என்ற ஆற்றங்கரையில் பிரிகேடியர் ஜான் தால்வியின் படைப்பிரிவு நின்றுகொண்டிருந்தது. பத்தாயிரம் அடிக்கு மேலான உயரம். பலர் உடம்பில் கோடைக்காலப் பருத்திச் சீருடை. தோட்டா குறைவு, போர்வை குறைவு, பீரங்கி ஆதரவு அநேகமாக இல்லை. எதிர்க்கரையில் மேட்டின் மேல் சீனப்படை. அவர்களை அங்கிருந்து துரத்த வேண்டும் என்பது ஆணை.

அந்த ஆணை பிறந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செப்டம்பர் 22 அன்று தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் ஒரு கூட்டம். பிரதமர் லண்டனில் இருந்தார். பாதுகாப்பு அமைச்சர் ஐ.நா. சபைக்காக நியூயார்க்கில் இருந்தார். தலைமைத் தளபதி தாப்பருக்கு இந்த நடவடிக்கையின் ஆபத்து தெரிந்திருந்தது. சீனர்கள் வேறு இடங்களில் திருப்பி அடிக்கக்கூடும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, ஆணையை எழுத்தில் தரும்படி கேட்டார். எழுத்தில் தந்தார்கள். கையெழுத்திட்டவர் ஒரு இணைச் செயலாளர். ஆயிரக்கணக்கான வீரர்களின் தலையெழுத்தைக் கொண்ட அந்தத் தாளில் பிரதமரின் பெயர் இல்லை, அமைச்சரின் பெயரும் இல்லை. தளபதிக்கோ தன் பாதுகாப்புக்கு ஒரு தாள் கிடைத்தது. முடியாது என்று சொல்லிப் பதவியைத் துறப்பதற்குப் பதிலாக அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

முடியாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கிழக்கு ராணுவப் பகுதிக்குத் தலைமை வகித்த எஸ்.பி.பி. தோரட், சீனா தாக்கினால் என்ன நடக்கும் என்று 1959-60லேயே வரைபடமும் கணக்குமாக எழுதிக் கொடுத்திருந்தார். கோப்பு தில்லியில் ஓரம் கட்டப்பட்டது. எல்லாம் கைமீறிய பிறகு நேரு தன்னை அழைத்து, இது ஏன் எனக்குக் காட்டப்படவில்லை என்று கேட்டதாகத் தோரட் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். குளிர்காலம் வருகிறது, இவ்வளவு சரக்கை மேலே ஏற்றாமல் தாக்குதல் நடத்த முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய உம்ராவ் சிங்கிடமிருந்து அந்த எல்லைப் பொறுப்பு எடுக்கப்பட்டு, பிரதமருக்கும் பாதுகாப்பு அமைச்சருக்கும் வேண்டியவரான பி.எம். கவுலிடம் தரப்பட்டது. கவுலும் அக்டோபர் 10 அன்று சீனரின் வலிமையை நேரில் கண்டார். தில்லிக்குப் பறந்து வந்து, மறுநாள் இரவு பிரதமர் வீட்டில் நடந்த கூட்டத்தில் நிலைமையைச் சொன்னார். இத்தனைக்குப் பிறகும், படையை வசதியான இடத்துக்குப் பின்வாங்கச் செய்யும் முடிவு அன்று எடுக்கப்படவில்லை. அதற்கு மறுநாள் காலை, இலங்கைக்குப் புறப்பட்ட நேரு, நம் பகுதியிலிருந்து சீனரை அப்புறப்படுத்துமாறு ராணுவத்துக்குச் சொல்லியிருப்பதாக நிருபர்களிடம் கூறினார். அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப்படை ஆற்றைக் கடந்தது. சில மணி நேரத்தில் தால்வியின் படைப்பிரிவு இல்லாமல் போனது. கவுல் அதற்கு இரண்டு நாள் முன்பே உடல்நலம் குன்றித் தில்லிக்குத் திரும்பியிருந்தார். வீட்டில் படுத்தபடியே படையை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் போரில் 1,383 பேர் இறந்தார்கள். 1,600க்கு மேற்பட்டவர்கள் காணாமல் போனார்கள். ஏறக்குறைய 4,000 பேர் சிறைப்பட்டார்கள். தால்வியும் அவர்களில் ஒருவர்.

நேருவைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தவர். 1947இல் தில்லி எரிந்தபோது கொலைவெறிக் கும்பலுக்குள் காவலர்களை முந்திக்கொண்டு பாய்ந்தவர். அப்படிப்பட்டவரை எது அச்சுறுத்தியது? நாடாளுமன்றம்தான். சீனர் உள்ளே வந்துவிட்டார்கள், நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, சொந்தக் கட்சிக்காரர்கள் கேட்டார்கள், பத்திரிகைகள் கேட்டன. பேச்சுவார்த்தை என்று வாயெடுத்தால் பலவீனன் என்றார்கள். பலவீனன் என்ற பெயரைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. கும்பலின் கத்திக்கு அஞ்சாதவர் அந்தச் சொல்லுக்கு அஞ்சினார். போருக்கு ஆள் அனுப்பும் தலைவர்களிடம் நான் காண்கிற கோழைத்தனம் பெரும்பாலும் இந்த வகைதான். கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்துக்கு அடுத்தவன் பிள்ளையின் உயிர் விலையாகிறது.

இது நம் நாட்டோடு நிற்கவில்லை. 1964 மே மாதம் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வியட்நாமைப் பற்றித் தன் நெருங்கியவர்களிடம் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவுகள் இன்று யாரும் கேட்கக் கிடைக்கின்றன. இந்தப் போர் போராடத் தகுந்தது என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் விலகவும் முடியாது என்று அதில் அவர் புலம்புகிறார். விலகினால் பதவியைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். அதற்குப் பிறகுதான் அவர் லட்சக்கணக்கான துருப்புகளை அனுப்பினார். அந்தப் போரில் செத்த அமெரிக்கர் 58,000 பேர்; வியட்நாமியர் அதைப்போலப் பல மடங்கு. தனக்கே நம்பிக்கையில்லாத போருக்கு ஆள் அனுப்புவதை எந்த மொழியில் வீரம் என்று சொல்வது?

ராஜீவுக்கு வருகிறேன். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தை அவர் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவோடு செய்தபோது அவருடைய நோக்கம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. இலங்கைத் தமிழரின் துயரம் ஒரு முடிவுக்கு வரும் என்று தமிழகத்தில் லட்சக்கணக்கானோர் நம்பினார்கள். முதலில் இறங்கிய வீரர்களை யாழ்ப்பாணத்துப் பெண்கள் மாலையோடு வரவேற்றார்கள். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த விடுதலைப் புலிகள் பன்னிரண்டு பேர், குமரப்பாவும் புலேந்திரனும் உட்பட, சயனைடு கடித்து இறந்தார்கள். ஐந்து நாளில் போர் தொடங்கிவிட்டது. அமைதி காக்கப் போன படை, காக்கப் போன மக்களின் ஊருக்குள்ளேயே சண்டை போட வேண்டியதாயிற்று.

அப்போது ராணுவத் தலைமைத் தளபதி செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி. கூர்மையான மூளைக்காரர், இந்திய ராணுவத்தை இயந்திரமயப் படைகளின் காலத்துக்கு அழைத்துவந்தவர் என்று ஆவடியின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் மதிக்கப்படும் பெயர். புலிகளை விரைவில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. தில்லி அதை நம்பியது. அக்டோபர் 11 நள்ளிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவில் முப்பது பேர். புலிகள் காத்திருந்தார்கள். அடுத்த ஹெலிகாப்டர்கள் இறங்க முடியவில்லை. விடிந்து வெளிச்சம் வந்தபிறகும் சண்டை போட்டார்கள். இருபத்தொன்பது பேர் இறந்தார்கள். மிஞ்சிய ஒருவர் சிறைப்பட்டார். நவம்பர் 25 அன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டு பாய்ந்தபின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சண்டையிட்டு மடிந்தார். சென்னையில் பயிற்சி பெற்று அதிகாரியான தமிழர் அவர். பரம்வீர் சக்கரம் பெற்ற அவரைக் கொன்றவர்களும் தமிழர்கள். இந்தப் போரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் முதலில் நெஞ்சில் முட்டுகிறது.

அந்த வீரத்தின் பக்கத்திலேயே அக்டோபர் 21ஐயும் வைக்க வேண்டும். தீபாவளி நாள். இந்தியத் துருப்புகள் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றன. மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம தன் தோழர்களோடு சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’யில் இந்தக் காலம் பதிவாகியிருக்கிறது. இந்தியப் படையின் கொடுமையையும் புலிகளின் கொடுமையையும் ஒரே பேனாவால் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கையில் துப்பாக்கி இல்லாத அந்தப் பெண்ணின் தைரியத்தில் பாதியாவது அந்தப் போரின் தலைவர்கள் யாரிடமாவது இருந்திருந்தால், வன்னியும் யாழ்ப்பாணமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

படைத்தலைமையில் ஒருவர் மறுத்ததாக ஒரு பதிவு உண்டு. யாழ்ப்பாணத்தில் 54ஆம் டிவிஷனுக்குத் தலைமை வகித்த ஹர்கிரத் சிங், 1987 செப்டம்பரில் பேச்சுவார்த்தைக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ செய்யும்படி இந்தியத் தூதர் தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக்கொடியோடு வருகிறவனைச் சுடமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் தன் நூலில் எழுதியிருக்கிறார். அதைச் செய்திருந்தால் ஆயிரம் உயிர்கள் மிஞ்சியிருக்குமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை. வாக்கை நம்பி வந்தவனைக் கொல்லாத ராணுவம்தான் நாளைக்கு வாக்குக் கொடுக்க முடியும்.

போர் மாதங்களாக நீண்டது. இலங்கையில் பிரேமதாச அதிபரானதும் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு விதித்தார்; அதே புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். எந்த அரசின் ஒப்புதலோடு போனோமோ அந்த அரசு கொடுத்த துப்பாக்கியால் நம் வீரர்கள் சுடப்படும் நிலை. அப்போதும் தில்லி தயங்கியது. இப்போது திரும்பினால் தோற்றதாகிவிடும், இத்தனை பேர் செத்தது வீணாகிவிடும் என்ற பேச்சு. செத்தவர்களைக் காட்டி மேலும் சிலரைச் சாகக் கொடுக்கும் வாதம் இது. எல்லாப் போர்களிலும் ஒரு கட்டத்தில் எழும். தோல்வியை ஏற்கத் துணிவில்லாதவர்களின் கடைசிப் புகலிடம். 1989 தேர்தலில் ஆட்சி மாறி வி.பி. சிங் வந்தபிறகுதான் படை முழுவதுமாகத் திரும்பியது.

1990 மார்ச் 24 அன்று கடைசி வீரர்கள் திருகோணமலையை விட்டுக் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தில் இருந்த வலி உண்மையான வலி. தீபாவளியன்று மருத்துவமனையில் விழுந்த உடல்களை மறந்துவிட்டு யாரும் பூச்செண்டு கொடுக்க முடியாது. ஆனாலும் அன்று அந்தத் துறைமுகத்துக்கு அவர் போயிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பஞ்சாபிலும் கூர்க்கா மலைகளிலும் மராட்டியத்திலும் நம் தென் மாவட்டங்களிலும் கூலிக்கும் கழனிக்கும் பிறந்த பிள்ளைகள். போ என்றார்கள், போனார்கள். ஒப்பந்தம் போட்டவர்கள் அந்தக் கப்பலில் வரவில்லை. சில வாரத்தில் முடியும் என்று சொன்னவர்கள் வரவில்லை. துறைமுகத்தில் நின்று, உங்களில் சிலர் செய்தது எங்கள் மக்களுக்குத் தீராத காயம், உங்களை அனுப்பியவர்கள் உங்களுக்குச் செய்தது இன்னொரு காயம் என்று இரண்டையும் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய நாவன்மை இந்தியாவில் அவருக்குத்தான் இருந்தது. கோபம் அனுப்பியவர்கள் மேல் போகாமல் அனுப்பப்பட்டவர்கள் மேல் போய் விழுந்தது. ஆவடி, அண்ணனூர் பக்கம் குடியேறிய ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர்கள் 1965ஐப் பற்றியும் 1971ஐப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவார்கள். யாழ்ப்பாணம் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே நந்தி சிவலிங்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்காது. முதுகைக் காட்டி வாசலைப் பார்த்திருக்கும். தலபுராணம் இப்படிச் சொல்கிறது: குறும்பரோடு போரிட்ட தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றது. அவன் வாளை வீசிக் கொடியை வெட்டினான். புதருக்குள்ளிருந்து ரத்தம் வந்தது. யானையை விட்டு இறங்கி விலக்கிப் பார்த்தால் வெட்டுப்பட்ட லிங்கம். அந்த வாளையே தன் கழுத்துக்குத் திருப்பினான். அப்போது இறைவன் தோன்றித் துணைக்கு நந்தியை அனுப்பினார் என்பது கதை. அதனால்தான் நந்தி பகைவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. பக்தர்களுக்கு இது இறைவனின் கருணைக் கதை. எனக்கு இந்தக் கதையில் மனதைப் பிடித்துக்கொள்வது நந்தி வருவதற்கு முந்தைய கணம். போரின் நடுவே, பின்னால் படை காத்திருக்க, ஒரு அரசன் யானையை விட்டு இறங்குகிறான். தன் வாளில் பட்ட ரத்தம் யாருடையது என்று குனிந்து பார்க்கிறான். கொடி வெட்டினேன், ரத்தம் வந்தால் நான் என்ன செய்வது என்று போய்விடவில்லை.

வரலாற்றில் அப்படி இறங்கிப் பார்த்தவன் என்று நாம் கொண்டாடுவது அசோகனை. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவனே வெட்டி வைத்தான். உலகில் வென்ற மன்னன் வேறு யாரும் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை. தவுளியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் அந்தப் பகுதி விடப்பட்டு, வேறு ஆணைகள் இடம்பெற்றிருக்கின்றன. வருத்தத்தை வடமேற்கு எல்லையில் இருந்தவன் படிக்கலாம். தகப்பனைப் பறிகொடுத்த கலிங்கத்தான் படிக்க முடியாது. அசோகனுக்கே அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அது எவ்வளவு கடினமான அடி என்று புரிகிறது.

நம்மவர் ஒருவரைப் பற்றியும் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. பிரபாகரனின் உடல் வீரத்தை எதிரியும் சந்தேகித்ததில்லை. கழுத்தில் சயனைடு குப்பி தொங்க வாழ்ந்தவர், தன் மகனையும் களத்தில் நிறுத்தியவர், கடைசிவரை ஓடிப்போகாதவர். பழைய அளவுகோலில் வைத்தால் அவரை விஞ்ச ஆளில்லை. ஆனால் 2009இல் முள்ளிவாய்க்காலை நோக்கி மக்கள் ஒடுங்கிக்கொண்டே போனபோது, வெளியேற முயன்ற குடும்பங்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள், பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பிடித்துப் போருக்குத் தள்ளினார்கள். போர் தவிர்ப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே இலங்கை அரசு எறிகணை வீசியது. இரண்டையும் 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதி வைத்தது; இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. கொன்றவர்களின் குற்றம் கொன்றவர்களுடையது. அதில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆயினும் தோற்றுவிட்டேன், மக்களே நீங்கள் போங்கள் என்ற ஒரு சொல் உள்ளிருந்து வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகளின் முகம் என்னை விடுவதில்லை. சாகத் துணிந்தவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லத் துணிவு வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அந்த இரவு நடந்த ராஜீவ் கொலையின் வழக்கு பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில்தான் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. எஞ்சிய ஏழு பேரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து 2022இல் வெளியே வந்தார்கள். அந்த ஒரு கொலைக்காக வர்மா கமிஷன், ஜெயின் கமிஷன் என்று இரண்டு விசாரணைகள் நடந்தன. ஜெயின் அறிக்கையால் மத்திய அரசே கவிழ்ந்தது. ஒரு முன்னாள் பிரதமர் கொல்லப்பட்டதை நாடு இவ்வளவு துருவிப் பார்த்தது நியாயம்தான். ஏறக்குறைய 1,200 வீரர்கள் யாருடைய எந்தக் கணக்கை நம்பி அனுப்பப்பட்டார்கள், மருத்துவமனைக்குள் சுட யார் விட்டார்கள் என்று எந்தக் கமிஷனும் மக்கள் முன் விசாரிக்கவில்லை. இராக் போரில் பிரிட்டன் இழந்தது 179 பேரை. அதற்கு அந்த நாடு முன்னாள் பிரதமர் பிளேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, 2016இல் சில்காட் அறிக்கையாக வெளியிட்டது. இறந்தவர்களின் பெற்றோர் அதை வாங்கிப் படித்தார்கள். இறந்த லட்சக்கணக்கான இராக்கியருக்கு அதனால் நீதி கிடைக்கவில்லை. ஆனால் போருக்கு அனுப்பியவர் பதில் சொல்ல வேண்டும் என்ற ஒரு முறை அங்கே நிலைபெற்றது.

இங்கே 1962 தோல்வியைப் பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரு அதிகாரிகள் 1963இலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அரசியல் தலைமையின் முடிவுகளை ஆராயவே அவர்களுக்கு அனுமதி தரப்படவில்லை. அப்படி எழுதியதும் இன்றுவரை ரகசியம். அதன் ஒரு பகுதியை 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர்தான் வெளியிட வேண்டியிருந்தது. 2010இல் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி, அதில் உள்ளவை மிகவும் கவனமாகக் காக்க வேண்டியவை, இன்றைக்கும் ராணுவ நடவடிக்கை சார்ந்தவை என்று சொல்லி மறுத்தார். எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்த மறைப்பைக் கேள்வி கேட்ட அருண் ஜெட்லி, 2014இல் பாதுகாப்பு அமைச்சரானதும் வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்று சொன்னார். கட்சி மாறியது, பயம் மாறவில்லை. நம்கா சூ கரையில் இருபது வயதில் பருத்திச் சட்டையோடு நின்றவருக்கு இப்போது எண்பது கடந்திருக்கும். தன்னை அங்கே அனுப்பிய முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று படித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பியவருக்கும், அங்கே மருத்துவமனையில் தாயை இழந்தவருக்கும் அதே உரிமை உண்டு. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கோப்புகள் திறக்கப்பட வேண்டும்.